பூச்சியத்தின் பங்கு

நேயர்களே, இத்தொடரில் நளவெண்பாவைப் பற்றி நான் பேசிய பிறகு வடமராட்சியிலிருந்து ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பாரிசிலிருக்கும் தமது மகன் வேலை முடிந்ததும் 'ரூலெட்' என்றொரு ஆட்டத்துக்குப் போய்வருவதாகவும், தொலைபேசியில் கேட்டால் "அது சூதில்லை அப்பா, கணக்கு" என்று மறுமொழி சொல்லுவதாகவும் எழுதி, நளன் ஆடியதும் இதுவும் ஒன்றுதானா என்று விளக்கும்படி கேட்டிருந்தார். இரண்டு பக்கக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் மகனைப் பற்றியது. அதை இங்கே வாசிக்கப் போவதில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ரூலெட் மேசை ஒன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதன் ஏழை உறவினர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து போவார். ஐம்பதுகளின் பிற்பகுதியில், எனக்குப் பத்துப் பதினொரு வயது. கோயில் வெளிவீதிக்கு அப்பால், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், சைக்கிள் சில்லு போன்ற ஒரு சில்லை மரக்கட்டையில் பூட்டி நிறுத்தியிருப்பார்கள். விளிம்பைச் சுற்றி ஆணிகள். ஆணிகளுக்கிடையே ஒன்று முதல் பன்னிரண்டு வரை இலக்கங்கள். மேலே ஒரு தோல் நாக்கு. சில்லைச் சுழற்றினால் அந்த நாக்கு ஆணிகளில் பட்டுச் 'சடசட' என்று சத்தமிடும். கீழே விரித்த படங்கிலும் அதே பன்னிரண்டு இலக்கங்கள். ஒரு ரூபா வைத்த இலக்கம் விழுந்தால் பத்து ரூபா கையில் வரும். விழாவிட்டால் அந்த ரூபா சில்லுக்காரனுடையது.

என் குஞ்சியப்பு ஓர் இரவு எட்டு மணிக்கு அந்தப் படங்கின் முன் குந்தினார். ஒரு மணிக்கு எழும்பினார். புகையிலை விற்ற காசில் நூற்றைம்பது ரூபா அளவில் போய்விட்டது. அந்தக் காலத்து நூற்றைம்பது ரூபா! குஞ்சியம்மா மூன்று நாள் உலை வைக்கவில்லை என்பது எங்கள் குடும்பக் கதை. குஞ்சியப்பு சாகும்வரை சொல்லிவந்த விளக்கம் ஒன்றுதான்: "அவன் கீழாலை, காலாலை பிரேக் பிடிச்சவன்." இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வருவேன்.

சூதைக் கண்டிப்பதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் தமது நான்காம் பாலபாடத்தில் சூதுக்கென்றே ஒரு பாடம் எழுதிவைத்தார். வள்ளுவர் பத்துக் குறள் ஒதுக்கினார். அவர் வைத்த இடத்தையும் பாருங்கள்: கள்ளுண்ணாமைக்கு அடுத்தது சூது, சூதுக்கு அடுத்தது மருந்து! அந்த அதிகாரத்திலே ஒரு சொல் வருகிறது, 'கழகம்'. அங்கே அதன் பொருள் சூதாடுமிடம். அதே சொல் பின்னாளில் அவைக்கும் சங்கத்துக்கும் கட்சிக்கும் பெயராகி, கடைசியில் பல்கலைக்கழகமும் ஆயிற்று. 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது இதை ஒரு தமிழாசிரியர் காதுக்குள் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. ஒன்று பெற்று நூறு இழப்பவர் சூதர் என்ற வள்ளுவர் கணக்கு, கணக்காக எடுத்தால் சற்றுக் கடுமையானதுதான். மொண்டி கார்லோவில் அவ்வளவு இழக்கச் செய்யமாட்டார்கள். எவ்வளவு என்று பிறகு சொல்கிறேன்.

நளனிடம் வருவோம். நளன் உருட்டிய காயைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. மிகப் பழைய காலத்தில் வடநாட்டில் சூதாடு கருவியாய் இருந்தவை தான்றிக்காய்கள். கடுக்காய், நெல்லிக்காயோடு சேர்த்துத் திரிபலையில் போடுகிறோமே, அந்தத் தான்றிதான். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடி ஒருவன் புலம்பும் பாட்டு ஒன்று உண்டு. மாமி வெறுத்து, மனைவி துரத்திய நிலையிலும் காய் உருளும் சத்தம் கேட்டால் எழும்பி ஓடுகிற மனிதன் அவன். அந்தக் காய்களும் தான்றிக்காய்களே. ஆட்டத்தில் விழும் எண்ணிக்கைகளுக்குக் கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று பெயர். யுகங்களின் பெயர்களும் இவையே. இவற்றுள் கலி என்பது தோற்கும் விழுக்காடு. ஆகவே நளனுக்குள் 'கலி புகுந்தான்' என்றால், தோற்கிற விழுக்காடே ஆளாகி வந்து அவனுக்குள் குடியேறிற்று என்று ஆகிறது.

அதைவிட முக்கியமானது கலி நீங்கிய விதம். இருதுபன்னன் தேரில் போகும்போது வழியிலே ஒரு தான்றிமரத்தைப் பார்த்து, இத்தனை காய் என்று நின்ற நிலையில் எண்ணிச் சொல்கிறான். வியாசர் பாரதத்தில் இரண்டு கிளைகளில் இரண்டாயிரத்துத் தொண்ணூற்றைந்து காய் என்ற கணக்கு வருகிறது; நம்முடைய புகழேந்திப் புலவர் தாராளமானவர், பத்தாயிரம் கோடி என்று விட்டுவிட்டார். நளன் தேரோட்டும் வித்தையைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொள்கிறான். வாங்கியதும் கலி அவனை விட்டு வெளியேறுகிறான். மேலைநாட்டில் நிகழ்தகவின் வரலாறு எழுதியோரும் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டியிருக்கின்றனர்: ஒரு கிளையை எண்ணி மரத்தை மதிப்பிடும் வித்தையையும் சூதின் வித்தையையும் ஒன்றாய் வைத்த பழங்கதை இது என்று. மந்திரத்தாலோ தவத்தாலோ அல்ல, எண்ணத் தெரிந்ததால் நளனைப் பிடித்த பேய் போயிற்று. இந்தக் கதையிலே எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். கடிதம் எழுதிய நேயரின் மகன் "கணக்கு" என்கிறார் அல்லவா? நல்லது, கணக்கையே பார்ப்போம்.

ரூலெட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் 'சிறு சில்லு' என்பதே பொருள். கணித மேதை பஸ்கால் ஓயாது சுழலும் இயந்திரம் ஒன்றைச் செய்ய முயன்றபோது இது பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான சான்றில்லை. ஆயினும் 1654இல் அவரும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில், இடையில் நின்றுபோன சூதாட்டமொன்றின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற வினாவிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் தழைத்தது என்பது உண்மை. ரூலெட்டை இன்றைய வடிவுக்குக் கிட்டிய தோற்றத்தில் பாரிசின் பலே ருவாயலில் 1796 அளவிலே காண்கிறோம். லாச்சப்பலில் நம்மவர் கடைத்தெருவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். அக்காலச் சில்லில் வங்கிக்காரனுக்கென்று இரண்டு குழிகள் இருந்தன: ஒரு பூச்சியம், ஓர் இரட்டைப் பூச்சியம்.

1837 முடிவில் பாரிசின் சூதாட்ட மண்டபங்கள் சட்டத்தால் மூடப்பட்டன. பிரான்சுவா பிளாங், லூயி பிளாங் என்ற சகோதரர்கள் ஜேர்மனியிலுள்ள ஹொம்பேர்க் என்ற நீராடு நகருக்குப் போய், 1843இல் ஒரு காரியம் செய்தனர். இரட்டைப் பூச்சியத்தை எடுத்துவிட்டு ஒற்றைப் பூச்சியச் சில்லை வைத்தனர். தம் இலாபத்தைத் தாமே ஏறக்குறையப் பாதியாக்கிய முதலாளிமார்! பக்கத்துக் கடையை விட விலை குறைத்து விற்கும் வித்தைதான், வேறொன்றுமில்லை. கூட்டம் ஹொம்பேர்க்குக்குத் திரண்டது. பிறகு பிரான்சுவா பிளாங் 1863இல் மொனாக்கோவுக்குப் போனார். வறண்ட பாறைமேடு ஒன்று மொண்டி கார்லோ ஆயிற்று. 1872 முடிவில் ஜேர்மனியும் தன் சூதாட்ட மண்டபங்களை மூடிவிடவே, ஐரோப்பாவின் செல்வர்களுக்குப் போக வேறிடம் இல்லாமற் போயிற்று. மொனாக்கோ 1869இலேயே தன் குடிகளிடம் நேர்வரி வாங்குவதை நிறுத்திவிட்டிருந்தது. ஆனால் அந்தக் குடிகள் அந்த மேசைகளில் ஆடக்கூடாது என்பதும் அங்கே சட்டம். ஊரான் காசு வேண்டும், ஊர்க் காசு வேண்டாம். அந்தத் தெளிவை நான் மெச்சுகிறேன்.

இனி ஆட்டம். சில்லிலே 37 குழிகள். ஒன்று முதல் முப்பத்தாறு வரை சிவப்பும் கறுப்புமாய் மாறி மாறி, வரிசை குலைத்து எழுதப்பட்டிருக்கும். பூச்சியம் மட்டும் பச்சை. பணியாளர் சில்லை ஒரு பக்கமாய்ச் சுழற்றி, சிறு பந்தை எதிர்ப்பக்கமாய் உருட்டிவிடுவார். பந்து தளரத் தொடங்கும்போது, இனி எதுவும் வைக்க முடியாது என்று குரல் கொடுப்பார். அதற்குப் பிறகு நீட்டிய கை நீட்டியபடியே நிற்க வேண்டியதுதான்.

காசு வைப்பதற்கு வழிகள் பல. தனி இலக்கத்தில் வைத்து வென்றால் ஒன்றுக்கு முப்பத்தைந்து தருவர், வைத்த காசும் திரும்பும். இரண்டு இலக்கங்களுக்கு நடுக்கோட்டில் வைத்தால் பதினேழு. மூன்று இலக்க வரிசைக்குப் பதினொன்று. நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் வைத்தால் எட்டு. ஆறு இலக்கங்களுக்கு ஐந்து. பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஒரு நிரலுக்கோ ஒரு 'டசினுக்கோ' இரண்டு. சிவப்பா கறுப்பா, ஒற்றையா இரட்டையா, பதினெட்டு வரையா அதற்கு மேலா என்று வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. கோழைக்கு ஒரு வழி, துணிந்தவனுக்கு ஒரு வழி, யோசிப்பவனுக்கு ஒரு வழி என்று எல்லோருக்கும் படலை திறந்திருக்கும். ஆட்டக்காரர் தத்தம் வழிகளை ஒப்பிட்டுத் தர்க்கம் செய்வர். நம்மூர்க் கலியாண வீடுகளில் 304 ஆடுவோர் விடியும்வரை துரும்பைப் பற்றித் தர்க்கிப்பதைப் போல.

ஆனால் ஒருவர் எல்லா இலக்கத்திலும் ஒவ்வொரு ரூபா வைத்தார் என்று வையுங்கள். 37 ரூபா வைத்தார். எது விழுந்தாலும் 36 ரூபா திரும்பும். ஒரு ரூபா மேசைக்கு. பன்னிரண்டு இலக்க நிரலைப் பாருங்கள்: வைத்த ஒரு ரூபா வென்றால் மூன்றாய்த் திரும்பும், 37 சுற்றில் சராசரி 12 தடவை வெல்லும், பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு. சிவப்பைப் பாருங்கள்: பதினெட்டு தடவை, இரண்டிரண்டாய், முப்பத்தாறு. தலைவாசலால் போனாலும் கொல்லைப் படலையால் போனாலும் அதே வீடு, அதே வாடகை. நூற்றுக்கு 2.7. வள்ளுவர் கணக்கை விட மலிவு என்று சொன்னேன் அல்லவா? (பூச்சியம் விழுந்தால் சிவப்பு, கறுப்பு போன்ற சம பந்தயங்களுக்குப் பாதிக் காசைத் திருப்பும் வழக்கம் பிரெஞ்சு மேசைகளில் உண்டு. அங்கே வாடகை பாதி. இரட்டைப் பூச்சியம் கொண்ட அமெரிக்கச் சில்லில் நூற்றுக்கு ஐந்தேகாலுக்குச் சற்று மேல்.) முப்பத்தாறு இலக்கங்களுக்கும் நியாயமான விலை கொடுத்துவிட்டு, பூச்சியத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு மேசைக்காரர் பேசாமல் இருப்பார். அவர் ஏமாற்றத் தேவையில்லை. ஏமாற்றினால் பெயர்தான் கெடும்.

அப்படியானால் இரட்டித்து வைத்தால்? ஒன்று தோற்றால் இரண்டு, அதுவும் தோற்றால் நாலு, எட்டு. ஒரு தடவை வென்றால் எல்லாம் திரும்பி ஒரு ரூபா மிஞ்சும் என்பது ஆடுவோரெல்லாம் தாமே கண்டுபிடித்ததாய் நினைக்கும் வழி. பத்துத் தடவை தொடர்ந்து தோற்றால் போனது 1,023 ரூபா. பதினோராம் தடவை 1,024 வைக்க வேண்டும், ஒரு ரூபா இலாபத்துக்கு! பத்துத் தடவை தொடர்ந்து தோற்குமா என்று கேட்கலாம். 1913 ஓகஸ்ட் 18ஆம் திகதி இரவு மொண்டி கார்லோவில் ஒரு மேசையில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இனிச் சிவப்புத்தான், இனிச் சிவப்புத்தான் என்று நெருக்கியடித்துக்கொண்டு வைத்தவர்கள் பெருந்தொகையை இழந்தனர். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஐந்து பெட்டைகளுக்குப் பிறகு ஆறாவது பெடியன்தான் என்று சீதனக் கணக்கைப் பார்த்துப் பயந்த தகப்பன்மார் நம்மூரிலும் இதே பிழையை விட்டனர்.

சில்லை வென்றவர்களும் உண்டு, ஆனால் சில்லு பழுதாயிருந்தபோது. ஜோசப் ஜாகர் என்ற யோர்க்சயர்க்காரர் நெசவாலைகளோடு பழகியவர். சுழலும் எந்தப் பொருளும் முழுச் சமநிலையில் இராது என்று அறிந்தவர். 1880ஆம் ஆண்டளவில் மொண்டி கார்லோவில் விழும் இலக்கங்களை நாட்கணக்காய் எழுதுவித்து, ஒரு சில்லில் சில இலக்கங்கள் அதிகம் விழுவதைக் கண்டு பெரும் பணம் எடுத்தார். அவரும் எண்ணியவரே. மேசைக்காரர் விழித்துக்கொண்டனர், இன்றைய சில்லுகளை அடிக்கடி சோதித்துப் பார்க்கின்றனர்.

இலக்கிய நேயர்களுக்கு டொஸ்தோயெவ்ஸ்கியை நினைவூட்டாமல் இருக்க முடியாது. கடனில் மூழ்கி, 1866 நவம்பர் முதலாந் திகதிக்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால் தம் படைப்புகளின் உரிமை ஒன்பது ஆண்டுகளுக்குப் பதிப்பாளருக்கே போய்விடும் என்று கையெழுத்திட்டிருந்தார். அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்து 26 நாளில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார். நேரே பூச்சியத்தில் வைத்து வென்று, பின்பு எல்லாவற்றையும் இழக்கும் அந்தக் கிழவியை ஒருமுறை வாசித்தவர் மறக்க மாட்டார். அடுத்த ஆண்டு அன்னாவையே மணம் செய்தார். மணம் செய்த அதே ஆண்டு பாடன் நகரில் அவளுடைய மோதிரமும் தோடும் ஈட்டுக்குப் போயின. சூதாடியின் மனத்தை அந்தளவு துல்லியமாய் எழுதிய கை, எழுதியபின்னும் ஐந்து ஆண்டு ஆடிற்று. 1871இல்தான் நின்றது. நளனுக்குக் கணக்குப் போதுமாயிருந்தது. இவருக்கு அது போதவில்லை. தமயந்தி காட்டில் விழித்தெழுந்த காலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாடன் நகர அறையில் காத்திருந்த அன்னாவும் நினைவுக்கு வருவார்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1889இன் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் தெருவில் பணம் வைத்து ஆடுவதையும் சேவற்சண்டையையும் தடுத்தது. 2010இல் கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்த வந்த சட்டத்தின் இலக்கமும் 17. இதைச் சூதாடி ஒருவரிடம் சொன்னால் அன்றிரவே 17இல் வைத்துவிடுவார்! 2025 ஓகஸ்டில் கொழும்பில் பன்னாட்டு நிறுவனமொன்றின் பெயர்கொண்ட பெரிய கசினோ திறக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் அரசாங்கமே நடத்தும் சில்லு ஒன்றும் உண்டு. 1963இல் தேசிய லொத்தர் சபை வந்தது. உலகெங்கும் பொதுவாக லொத்தர்கள் சேரும் பணத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் பரிசாய்த் திருப்பும். அந்தக் கணக்கில் மொண்டி கார்லோ தருமசாலை. என்றாலும் லொத்தரை நாம் சூதென்று சொல்வதில்லை, ஏனெனில் மிச்சக் காசு போகும் இடம் வேறு. மகாபொலப் புலமைப்பரிசில் நிதிக்கும் லொத்தர்ப் பணம் போயிருக்கிறது. அதில் நம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்ப் படித்தனர்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. கே.எம். செல்லப்பாவின் முயற்சியால் 1934 ஓகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு தொடங்கியது அது. ஐம்பதுகளில் சாம் சபாபதி மாநகர முதல்வராயிருந்த காலத்தில், சொந்தக் கட்டடத்துக்காக இந்தியக் கலைஞர்களை அழைத்துக் களியாட்ட விழா நடத்தி, அதிர்ஷ்டலாபச் சீட்டும் விற்றுப் பணம் திரட்டினர் என்று அந்த வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். 1954 மார்ச் 29இல் அடிக்கல். 1959 ஒக்ரோபர் 11இல் திறப்பு.

குஞ்சியப்பு அந்தச் சீட்டுகளில் நாலைந்து வாங்கியவர். ஒன்றும் விழவில்லை. ஆனால் பட்டணம் போகும்போதெல்லாம் நூலகத்தைக் காட்டி, "உதிலை என்ரை கல்லு ரெண்டு கிடக்கு" என்பார். சில்லில் இழந்ததை நினைத்து நினைத்து வெந்த மனிதர், சீட்டில் இழந்ததை ஒருநாளும் இழப்பாய்ச் சொன்னதில்லை. 1981 மே 31 இரவு, சுமார் 97,000 நூல்களோடு அந்தக் கட்டடம் எரிந்தது. சில நாள் கழித்துச் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கிணற்றடியில் வெகுநேரம் இருந்தார். யாரும் போய்ப் பேசவில்லை.

அதற்கு ஏழெட்டு வருடம் முந்தித்தான் நான் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டியது. நான் அப்போது கணித ஆசிரியனாய் வந்த புதிது. கண்டவருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வயது. கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தேன். "குஞ்சியப்பு, பன்னிரண்டு இலக்கத்திலையும் ஒவ்வொரு ரூபா வைச்சால் எவ்வளவு?" "பன்ரண்டு." "எது விழுந்தாலும் அவன் எவ்வளவு தருவான்?" "பத்து." "அப்ப, பன்னிரண்டுக்கு ரெண்டு அவனுக்கு. ஆறிலை ஒண்டு." அவர் தலையாட்டினார். எத்தனை இலக்கத்தில் வைத்தீர்கள் என்று கேட்டேன். சுற்றுக்கு மூன்று என்றார். நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஐந்து மணித்தியாலம், முந்நூறு சுற்று. வைத்தது மொத்தம் தொள்ளாயிரம் ரூபா. அதில் ஆறிலொன்று நூற்றைம்பது. அவர் இழந்தது ஏறத்தாழ அதேதான். "மொண்டி கார்லோவிலை ஆடியிருந்தால் இருபத்துநாலு ரூபா சொச்சந்தான் போயிருக்கும்" என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கொப்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவன் பிரேக் பிடிக்கேல்லையோ?"

"பிடிக்கத் தேவையில்லை, குஞ்சியப்பு."

"பிடிச்சிருந்தால் பறவாயில்லை" என்றார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

நேயரே, உங்கள் மகனுக்கு அந்த முப்பத்தேழு ரூபாக் கணக்கை எழுதி, தபாலில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதினால் அறிய ஆவல். குஞ்சியப்பு அடுத்தநாள் பின்னேரம் சந்தித் தேநீர்க்கடையில் இருந்ததைக் கண்டேன். சுற்றிவர நாலைந்து பேர். ஒரு காலை நீட்டி நிலத்தில் அழுத்தி, சில்லுக்காரன் எப்படிப் பிரேக் பிடித்தான் என்று காட்டிக்கொண்டிருந்தார்.